சிற்றுருவும் காற்றுத் தூரிகையும்

செஞ்சிக் கோட்டையின் மூன்று மலைகளுள் உயர்ந்தது இராசகிரி. ஏறத்தாழ 800 அடி உயரமுள்ள அதன் உச்சியில் நின்று கீழே நோக்குவார்க்குக் கல்யாண மகாலும், களஞ்சியமும், குளங்களும், நெடுமதில்களும் உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொள்ளத்தக்க விளையாட்டுப் பொருள்களாகத் தோன்றும். கல்யாண மகாலின் அடுக்குகள் குறையவில்லை. அவற்றின் வாயில்கள் இடம் மாறவில்லை. உயரத்திற்கும் அகலத்திற்கும் உள்ள பொருத்தம் கெடவில்லை. உருவம் மட்டுமே சிறுத்தது. இவ்வாறு ஒரு பெரும்பொருளின் உறுப்புகள் அனைத்தையும் ஒரே விகிதத்தில் குறைத்துச் செய்யும் உருவத்தைச் சிற்றுரு எனலாம். 2025-இல் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்ட இக்கோட்டையைக் காணச் செல்லும் மாணவர், மலையேறிய களைப்புத் தீர்ந்தபின் இதனையும் நோக்கி வருதல் நன்று.

செஞ்சி வட்டாரத்தைச் சேர்ந்தது தொண்டூர் என்னும் சிற்றூர். அங்குள்ள பாறையில் சமண முனிவர்க்காக வெட்டப்பட்ட கற்படுக்கைகள் உள்ளன. அவற்றின் அருகே ஏறத்தாழ கி.பி. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழிக் கல்வெட்டு ஒன்றும் உள்ளது. இளங்காயிபன் என்பான் ஏவ, மோசி என்பான் அப்பணியைச் செய்தான் என்பது அதன் செய்தி. ஏவினவன் பெயரோடு செய்தவன் பெயரும் நின்றது நமக்குப் பெரும்பேறு. மோசியின் கையில் உளியும் சுத்தியலும் அன்றி வேறு என்ன இருந்திருத்தல் கூடும்? கருவி எளிதாயினும், அதனைப் பிடித்த கை பழகியிருந்தமையால் கருங்கல் இணங்கிற்று. கல்லில் பேருருச் செய்யும் தொழிலுக்கு மறுதலையாக, விரல்நுனியில் சிற்றுருச் செய்யும் தொழில் ஒன்று இக்காலத்தே உலகெங்கும் பரவியுள்ளது. அதிலும் டாங்கி என்னும் கவசப் போர் ஊர்தியின் சிற்றுருவைச் செய்வோர் பலர்.

போர் ஊர்தியின் சிற்றுரு தமிழர்க்குப் புதியதன்று. தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நாற்படையுள் தேர் முதலாவது. அத்தேரையே சிறிதாகச் செய்து சிறுவர் கையில் கொடுத்தனர் முன்னோர். காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் உருட்டி விளையாடிய மூன்று சக்கரச் சிறுதேரைப் பட்டினப்பாலை குறிக்கின்றது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதிப் பருவத்திற்குச் சிறுதேர் என்பதே பெயர். அன்றைய போர் ஊர்தி தேர், ஆதலின் சிறுதேர். இன்றைய போர் ஊர்தி டாங்கி. ஆதலின் சிறு டாங்கி. இவ்வளவே வேறுபாடு.

டாங்கி என்னும் பெயரின் வரலாறு சுவையானது. ஆங்கிலேயர் நம் நாட்டு ஏரி குளங்களை டாங்க் என்றே எழுதி வந்தனர். மேற்கிந்திய மொழிகளில் நீர்நிலையைக் குறித்த சொல்லும், அதனோடு ஒலியொத்த போர்ச்சுகீசியச் சொல்லும் கலந்து அவர்கள் நாவில் அவ்வாறு வழங்கின. முதல் உலகப்போரின்போது இங்கிலாந்தில் இக்கவச ஊர்தியை மறைவாகச் செய்தபோது, அஃது என்னவென்று தொழிலாளரும் அறியாதிருக்கும் பொருட்டு, நீர் கொண்டுசெல்லும் தொட்டி என்று சொல்லி வைத்தனர். 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சு நாட்டுச் சோம் போர்க்களத்தில் ஏறத்தாழ 28 டன் எடையுள்ள அவ்வூர்திகள் முதன்முதலாக ஊர்ந்து வந்தபோது மறைவு நீங்கிற்று; பெயர் நீங்கவில்லை. குளத்தின் பெயர் கொலைக்கருவிக்கு வந்தவாறு இது!

தமிழ்நாட்டில் டாங்கி பிறக்கும் இடம் ஆவடி. அங்கு 1961-இல் நிறுவப்பட்ட கனரக ஊர்தித் தொழிற்சாலையிலிருந்து 1965 டிசம்பரில் விஜயந்தா என்னும் முதல் டாங்கி வெளிவந்தது. பின்னர் ஆவடியிலுள்ள ஆராய்ச்சி நிலையமே வடிவமைத்த அர்ஜுன் டாங்கி வந்தது. பீரங்கி முனையோடு சேர்த்து அதன் நீளம் ஏறத்தாழ 10.6 மீட்டர், அகலம் 3.86 மீட்டர், எடை 58.5 டன். இதனை முப்பத்தைந்தில் ஒரு பங்காகக் குறைத்தால் நீளம் 30 சென்டிமீட்டர் அளவாகும். அகலம் 11 சென்டிமீட்டர். மாணவர் மேசையின் ஒரு மூலை போதும்.

இங்கே ஒரு கணக்கைக் கவனித்தல் வேண்டும். நீளம் முப்பத்தைந்தில் ஒரு பங்காகும்போது பரப்பு 1225-இல் ஒரு பங்காகின்றது; கன அளவோ 42,875-இல் ஒரு பங்காகின்றது. ஆகவே அர்ஜுனில் உள்ள அதே எஃகும் பிறவும் கொண்டு அச்சிற்றுருவைச் செய்ய இயலுமாயின், அது 1 கிலோ 360 கிராம் அளவே நிறுக்கும். ஐம்பத்தெட்டு டன் சுமையைத் தாங்கும் சங்கிலிப் பட்டையின் உறுதி சிற்றுருவிற்கு வேண்டுவதில்லை, நெகிழியே போதும்.

முப்பத்தைந்தில் ஒன்று என்னும் இவ்விகிதம் எவ்வாறு வந்தது? கணித வல்லுநர் கூடி ஆராய்ந்து கண்டதன்று. சப்பான் நாட்டுச் சிசுவோகா நகரத்து டாமியா நிறுவனத்தார் 1960-களின் தொடக்கத்தில் ஜெர்மானியரின் பாந்தர் டாங்கியைச் சிற்றுருவாகச் செய்தனர். அஃது ஓடவேண்டுமென்று உள்ளே மின்பொறியும் மின்கலங்களும் வைத்தனர். அம்மின்கலங்கள் அடங்குவதற்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு பெரிதாக உடலைச் செய்து, பின்னர் அளந்து பார்த்தபோது முப்பத்தைந்தில் ஒன்றாக இருந்தது. பிற நிறுவனங்களும் அதனையே பின்பற்றின. உலக வழக்குகள் பல இவ்வாறே நிலைபெறுகின்றன.

சிற்றுருச் செய்தல் வெறும் பொழுதுபோக்கு என்று கருதுவார் ஒரு செய்தியை அறிதல் வேண்டும். இரண்டாம் உலகப்போரில் வானில் வரும் விமானம் தம்முடையதா பகைவருடையதா என்று நொடிப்பொழுதில் தெளியமாட்டாமல் தம்மவரையே சுட்டு வீழ்த்திய துயரம் பன்முறை நேர்ந்தது. ஆதலின் 1942-இல் அமெரிக்கக் கடற்படை, பயிற்சிக்கென ஐந்து இலட்சம் சிறு விமான உருக்களைச் செய்து தருமாறு உயர்நிலைப் பள்ளி மாணவரை வேண்டிற்று. எழுபத்திரண்டில் ஒரு பங்காக மரத்தில் செதுக்கிக் கருவண்ணம் பூசவேண்டும் என்பது விதி. அவ்வுருவை 35 அடித் தொலைவில் வைத்துப் பார்த்தால், மெய்யான விமானத்தை 2,520 அடித் தொலைவில் பார்ப்பது போன்றிருக்கும். இறக்கையின் வளைவை ஒரு மாணவன் சிறிதே பிழைபடச் செதுக்கினாலும், அதைப் பார்த்துப் பயின்ற வீரன் கண்ணில் அப்பிழை குடிகொள்ளும். அதனால், அளவுக்கு ஒவ்வாதவற்றைத் தேர்வாளர் விலக்கினர். டாங்கிகளின் சிற்றுருக்களும் அப்போரில் இவ்வாறே பயிற்சிக்குப் பயன்பட்டன.

இனிக் கருவிகளைக் காண்போம். சிற்றுருவின் உறுப்புகள் நெகிழிச் சட்டத்தில் இணைந்தவாறே பெட்டியில் வரும். அவற்றை ஒடித்து எடுத்தல் ஆகாது. வாய் தட்டையான வெட்டுக்குறடு கொண்டு நறுக்கி, எஞ்சிய காம்பைக் கூரிய கத்தியாற் சீவி, சிற்றரத்தாலும் நயமான உப்புத்தாளாலும் தேய்த்தல் வேண்டும். நுண்ணிய உறுப்பைப் பிடிப்பதற்குச் சாமணம் வேண்டும். பொற்கொல்லர் பட்டறையில் உள்ள அதே சாமணந்தான். ஒட்டுவதற்குரிய நீர்மம் உண்மையில் பசையன்று. அது நெகிழியின் மேற்பரப்பைச் சிறிதே கரைப்பது. இரண்டு உறுப்புகளைப் பொருத்திப் பிடித்து, இடுக்கில் தூரிகை நுனியாற் தொட்டால் நீர்மம் தானே உள்ளே ஊர்ந்து பரவும். கரைந்த இரு பரப்புகளும் ஒன்றாகி, நீர்மம் ஆவியானபின் ஒரே பொருளாக இறுகும். கொல்லர் இரும்பைக் காய்ச்சி ஒன்றாக்குவதை இது வெப்பமின்றிச் செய்கின்றது. மிகுதியாக ஊற்றினால் உறுப்பே குழைந்து கெடும்.

பெட்டியில் வாராத டாங்கியைச் செய்ய விரும்புவோர் நெகிழித் தகட்டை அறுத்துத் தாமே உறுப்புகளைச் செய்துகொள்வர். பணி ஓய்வு பெற்ற விஜயந்தா டாங்கிகள் நாட்டின் பல இடங்களில் காட்சிப் பொருளாக நிற்கின்றன. அவற்றை அளந்தும் படமெடுத்தும் செய்யும் சிற்றுரு, பெட்டியில் வாங்கியதைக் காட்டிலும் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை.

வண்ணம் பூசுவதிலேதான் இத்தொழிலின் அருமை விளங்கும். தலைமயிரின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கினும் குறைவு. அத்தடிப்புள்ள வண்ணம் சிற்றுருவின்மேல் படிந்தால், மெய்யான டாங்கியின்மேல் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் சாந்து அப்பியதற்கு அஃது ஒப்பாகும். இரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள மறையாணியின் தலை சிற்றுருவில் அரை மில்லிமீட்டர் அளவே உள்ளது. மயிர்த்தூரிகையால் பூசினால் அது வண்ணத்தில் மூழ்கிவிடும். ஆகவே வண்ணத்தைப் பனித்துளியினும் நுண்ணிய திவலைகளாக்கித் தூவ வேண்டியதாயிற்று. அதற்குரிய கருவியே ஏர்பிரஷ் எனப்படும் காற்றுத் தூரிகை.

அதன் தத்துவத்தை வகுப்பறையிலேயே காணலாம். நீர் நிறைந்த குவளையில் ஓர் உறிஞ்சுகுழலைச் செங்குத்தாக நிறுத்துக. மற்றொரு குழலை வாயில் வைத்து, முதற்குழலின் வாயை ஒட்டிக் குறுக்கே வலிந்து ஊதுக. நீர் மேலேறிச் சிதறித் தூவானமாகப் பறக்கும். விரைந்து பாயும் காற்று, குழல் வாயில் அழுத்தத்தைக் குறைக்கின்றது. குவளை நீரின்மேல் உள்ள வளிமண்டலமோ தன் முழு அழுத்தத்தோடு நீரைக் கீழிருந்து மேலே தள்ளுகின்றது. முற்காலத்தில் துணி தேய்ப்போர் வாயில் நீர் கொண்டு துணியின்மேல் பூவாகத் தூவுவர். வாய் செய்த அவ்வேலையை அடக்கமாகச் செய்யும் கருவி இது.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்து அப்னர் பீலர் என்பார் 1879-இல் இத்தகைய கருவியை உருவாக்கினார். பழைய திருப்புளி, வளைந்த கரண்டி முதலிய கழிபொருள்களைக் கொண்டு அவர் அதனை அமைத்தார் என்பர். 1890-களில் சார்லஸ் பர்டிக் என்பார் காற்றும் வண்ணமும் முனையின் உள்ளே கலக்குமாறு அதைத் திருத்தினார். புகைப்படங்களைச் செப்பனிடுவதற்கே அக்காலத்தில் இது மிகுதியும் பயன்பட்டது.

இக்காலக் கருவி பேனாப் போன்றது. உள்ளே நீண்ட ஊசி ஒன்றுண்டு. அதன் கூர்முனை, கால் மில்லிமீட்டர் முதல் அரை மில்லிமீட்டர் வரை துளையுள்ள முனைவாயை அடைத்து நிற்கும். மேலுள்ள குமிழைக் கீழே அழுத்தினால் காற்று வரும். பின்னே இழுத்தால் ஊசி விலகி வண்ணம் வரும். எவ்வளவு இழுக்கின்றோமோ அவ்வளவு வண்ணம். முதலில் காற்றைத் திறந்து இறுதியில் காற்றை மூடுதலே முறை. மாற்றிச் செய்தால் முனையில் தேங்கிய வண்ணம் பெருந்துளியாகத் தெறித்துப் பலநாள் உழைப்பைக் கெடுக்கும். வண்ணத்தைப் பாலின் பதத்திற்கு நெகிழ்த்துதல் வேண்டும். காற்றழுத்தம் சதுர அங்குலத்திற்கு 15 முதல் 20 பவுண்டு போதும். மிதிவண்டிச் சக்கரத்தில் அடைக்கும் காற்றினும் இது குறைவு. காற்றை அழுத்தும்போது அதிலுள்ள ஈரம் நீராகப் பிரியும். அதைப் பிடித்து வைக்கும் சிறு கலம் இல்லையேல், ஐப்பசி கார்த்திகை மழைநாளில் வண்ணத்தின் நடுவே நீர்த்துளி வந்து விழும்.

அடிப்பூச்சு உலர்ந்தபின் மெல்லிய பூச்சுகளாகப் பலமுறை தூவுவர். இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஆவடியில் டாங்கிக்குப் பூசும் வண்ணத்தையே கொண்டுவந்து சிற்றுருவுக்குப் பூசினாலும் அது மெய்போலத் தோன்றாது, கறுத்தே தோன்றும். இராசகிரியிலிருந்து தொலைமலைகளைப் பார்த்தவர்க்குக் காரணம் விளங்கும். அருகில் பழுப்பாகவும் பசுமையாகவும் உள்ள பாறையும் புதரும், இடையேயுள்ள காற்றின் மிகுதியால் தொலைவில் வெளிறி நீலம்பாய்ந்து தோன்றுகின்றன. சிற்றுரு, தொலைவில் நிற்கும் பேருருவின் தோற்றம். ஆதலின் அதன் வண்ணமும் சிறிது வெளிறியிருத்தல் வேண்டும். இடுக்குகளில் நீர்த்த கருவண்ணத்தை ஓடவிட்டு நிழலையும் தாமே வரைவர். இறுதியாகப் புழுதி. பாலைநிலத்து டாங்கிக்கு வெளிர்மஞ்சள் மணற்புழுதி. செம்மண் நிலத்தில் ஓடியதாயின் சக்கரங்களில் செந்தூள். நிலம் மாறிப் புழுதி படிந்தால், எவ்வளவு திறமையாகச் செய்யினும் அவ்வுரு பொய் பேசும்.

திவலை நுண்ணியதாதலின் ஓர் இடரும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத அத்துகள் மூச்சோடு சென்று நுரையீரலின் ஆழத்தில் தங்கும். கரைப்பான் ஆவியோ தலைசுற்றலை உண்டாக்கும், தீப்பற்றவும் வல்லது. ஆகவே பலகணியின் அருகே, காற்றை வெளியே தள்ளும் விசிறியை வைத்துக்கொண்டு, விளக்குச் சுடரும் அடுப்பும் இல்லாத இடத்திற் பணிசெய்தல் வேண்டும். முகத்தில் கட்டும் கைக்குட்டை துகளை முற்றும் தடுக்காது. ஆவியைச் சிறிதும் தடுக்காது. கரி நிரப்பிய வடிகட்டியோடு கூடிய முகமூடியே அதற்கு உரியது. மாணவர்க்கு நீரிற் கரையும் அக்ரிலிக் வண்ணமே தக்கது. ஆயினும் துகள் துகளே ஆதலின், அதற்கும் முகமூடி வேண்டும். பணி முடிந்தவுடன், வண்ணம் காயுமுன் ஊசியை உருவித் துடைத்து, தூய நீர் தெளிந்து வருமளவும் கருவியினூடே தூவிவிடுதல் வேண்டும். ஊசியை மீண்டும் செருகும்போது விசையாகத் தள்ளினால் அதன் முனை வளையும். வளைந்த ஊசி நேரே தூவாது.