டூலாவாக முதல் சந்திப்பு: வாயால் சொல்ல வேண்டியதும் எழுதி வாங்க வேண்டியதும்

கோவைப் பக்கம் ஒரு கர்ப்பிணியின் வீட்டுக்கு டூலாவாக முதல்முறை போனால், முதல் கேள்வி பெரும்பாலும் மாமியாரிடமிருந்துதான் வரும். "ஏங் கண்ணு, நீ நர்ஸுக்குப் படிச்சிருக்கறயா?" உடனே "இல்லீங்கம்மா" என்று சொல்லிவிட வேண்டும். "படிக்கலீங்க, ஆனா..." என்று இழுத்து, முடித்த பயிற்சிகளின் பெயர்களை அடுக்கினால், அந்த வீடு உங்களை அரை நர்ஸாகவே எடுத்துக்கொள்ளும். பிறகு நள்ளிரவில் பனிக்குடம் உடையும்போது, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாமா, விடியும்வரை பார்க்கலாமா என்று உங்களிடம்தான் கேட்பார்கள். அதற்கு முடிவு சொல்லும் தகுதி டூலாவுக்குக் கிடையாது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அதை அடைக்க வேண்டிய இடம் முதல் சந்திப்பு.

டூலாவின் வேலை கூட இருப்பது. வலி எடுத்ததிலிருந்து குழந்தை பிறக்கும்வரை நகராமல் பக்கத்தில் இருப்பது, இடுப்பை அழுத்திவிடுவது, நடக்க வைப்பது, மூச்சைச் சீராக்க உதவுவது, தண்ணீர் கொடுப்பது, டாக்டர் அவசரத்தில் சொல்லிவிட்டுப் போனதை அந்தப் பெண்ணுக்குப் புரியும்படி மறுபடி சொல்வது. கேட்க எளிய வேலைதான், ஆனால் பலன் பெரிது. பிரசவத்தில் தொடர்ந்த ஆதரவு பற்றி 2017-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. இப்படித் துணை இருந்தவர்களுக்கு இயல்பான பிரசவம் அதிகமாகவும் சிசேரியன் குறைவாகவும் இருந்தன. தங்கள் பிரசவத்தைக் கசப்போடு நினைத்தவர்களும் குறைவு. 2018-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பரிந்துரைகளும், எல்லாப் பெண்களுக்கும் அவர்களே தேர்ந்தெடுத்த ஒரு துணை வேண்டும் என்கின்றன.

இவ்வளவு நல்ல வேலைக்கு இந்தியாவில் உரிமமோ அரசுப் பதிவேடோ இல்லை. டாக்டருக்கு மருத்துவ கவுன்சில் பதிவு உண்டு, செவிலியருக்கு நர்ஸிங் கவுன்சில் பதிவு உண்டு. டூலாவுக்கு இருப்பது பயிற்சி கொடுத்த தனியார் அமைப்பின் சான்றிதழ் மட்டுமே. 1992-இல் அமெரிக்காவில் தொடங்கிய டோனா இன்டர்நேஷனல் போன்றவை தரும் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. அவற்றின் நடத்தை விதிகள் கறாரானவை. ஆனாலும் அது அரசு உரிமம் ஆகிவிடாது. குடும்பத்திடம் இதை நேராகச் சொல்லுங்கள்: "எங்க தொழிலுக்கு அரசாங்க லைசென்ஸ் கிடையாதுங்க. நான் இந்த இடத்துல பயிற்சி எடுத்தேன், இத்தனை பிரசவத்துல கூட இருந்திருக்கேன்." எண்ணிக்கை குறைவாக இருந்தால் குறைவு என்றே சொல்லலாம். இப்போதுதான் தொடங்குகிறவர் என்று தெரிந்தே வரச் சொல்லும் குடும்பங்கள் உண்டு. மறைத்தது பிறகு தெரியவந்தால் மன்னிக்கிற குடும்பம் அரிது.

எல்லை எங்கே முடிகிறது என்பதை உதாரணத்தோடு சொன்னால்தான் மனதில் நிற்கும். உள்பரிசோதனை கிடையாது. பிரஷர் பார்ப்பதில்லை. குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும் டாப்ளர் கருவி ஆன்லைனில் கிடைக்கிறது என்பதற்காக அதைப் பையில் வைத்துக்கொண்டு போகக் கூடாது. மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ சொல்லக் கூடாது. நம் வீடுகளில் கட்டாயம் வரும் ஒரு கேள்வி, "வலி வர விளக்கெண்ணெய் குடுக்கலாமா?" அதற்கும் உங்கள் பதில் "டாக்டரக் கேட்டுக்கங்க" என்பதாக மட்டுமே இருக்கட்டும். பதிவு இல்லாமல் மருத்துவம் பார்ப்பது தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019-இன்படி ஓராண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்ந்து விதிக்கக்கூடிய குற்றம். அன்போடு செய்தேன் என்பது அங்கே பதிலாகாது.

இன்னொன்றையும் முதல் நாளே முடித்துவிட வேண்டும். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019-21 காட்டும் தமிழ்நாட்டின் சிசேரியன் அளவு 44.9 சதவீதம், தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 63.8 சதவீதம். டூலாவைத் தேடி வரும் குடும்பங்களில் பல இந்தப் பயத்தோடுதான் வருகின்றன. அந்தப் பயத்தைக் காசாக்கி "நார்மல் டெலிவரி கியாரண்டி" என்று விளம்பரம் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. எந்த டாக்டராலும் கொடுக்க முடியாத உறுதியை டூலா எப்படிக் கொடுப்பது? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அது தவறான விளம்பரமும்கூட. தேவைப்படும்போது செய்யும் சிசேரியன் இரண்டு உயிரையும் காப்பாற்றுகிறது. அப்படி ஒரு நிலை வந்தாலும் அந்தப் பெண்ணின் கையை விடாமல் இருப்பேன் என்று சொல்வதுதான் டூலா கொடுக்கக்கூடிய வாக்கு.

வீட்டிலேயே பிரசவம் பார்க்க வேண்டும், நீங்கள் மட்டும் வந்தால் போதும் என்று ஒரு குடும்பம் கேட்டால், மறுத்துவிட்டு எழுந்து வாருங்கள். 2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஓர் இளம் தாய் ரத்தப்போக்கால் இறந்துபோனதை மறக்க முடியாது. ரத்தப்போக்கு, கடுமையான தலைவலி, கண் மங்குதல், வலிப்பு, பனிக்குட நீர் பச்சையாக வருதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எதைப் பார்த்தாலும் டூலாவுக்குப் போன் செய்துகொண்டிருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும் அல்லது நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதை ஒரு தாளில் தமிழில் எழுதி, வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அடுத்தது மருத்துவமனை. பல டூலாக்களும் குடும்பங்களும் ஏமாந்துபோவது இங்கேதான். அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் ஒரு துணையை அனுமதிக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2016 பிப்ரவரியில் முடிவெடுத்தது. அந்தத் துணை பெண் உறவினராக, கூடுமானவரை பிரசவ அனுபவமுள்ளவராக இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. மற்ற பெண்களின் அந்தரங்கம் காக்கப்படும் இடங்களில் கணவரும் இருக்கலாம். துணைக்குத் தொற்றுநோய் இருக்கக் கூடாது, சுத்தமான உடை வேண்டும், ஊழியர்களின் வேலையில் குறுக்கிடக் கூடாது, மற்ற கர்ப்பிணிகளைக் கவனிக்கப் போகக் கூடாது என்ற நிபந்தனைகளும் உண்டு. சம்பளம் வாங்கும் டூலாவை உள்ளே விட்டே ஆக வேண்டும் என்று இதில் எங்கும் இல்லை. தனியார் மருத்துவமனைகள் தங்கள் விதிப்படி நடக்கின்றன. ஒருவருக்கு மட்டும் அனுமதி என்றால் கணவரா, அம்மாவா, டூலாவா என்ற கேள்வி லேபர் வார்டு வாசலில், வலியின் நடுவே வந்து நிற்கும்.

ஆகவே முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டும்: எந்த மருத்துவமனை, எந்த டாக்டர், டூலா வருவது அவருக்குத் தெரியுமா? தெரியாது என்றால், அடுத்த செக்கப்பின்போது கர்ப்பிணியே டாக்டரிடம் பேசி, முடிந்தால் மருத்துவமனையின் மின்னஞ்சலில் ஒரு வரி பதில் வாங்கிவிட வேண்டும். "டாக்டர் வாயால சரின்னாங்க" என்பது அன்று இரவு டியூட்டியில் இருக்கும் வேறொரு டாக்டரைக் கட்டுப்படுத்தாது.

ஊரையும் கேளுங்கள். தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்பது இன்றும் நம் வழக்கம். சென்னையில் ஆறாம் மாதத்தில் உங்களோடு பேசுகிற பெண், வளைகாப்பு முடிந்ததும் திருநெல்வேலிக்குப் போய்விடலாம். அப்போது பிரசவச் செலவும் பிறந்த வீட்டுக்கு மாறும். சந்திப்பில் உட்கார்ந்து பேரம் பேசுகிறவர் மாமனார், பணம் கொடுக்கப் போகிறவர் அப்பா என்றாகும்போது, உங்கள் கட்டணத்தை யார் ஒப்புக்கொண்டார் என்ற குழப்பம் பிறகு வராமல் இருக்காது.

கூடத்தில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தாலும் டூலாவின் பொறுப்பு அந்தக் கர்ப்பிணிக்குத்தான். கொஞ்ச நேரம் அவரோடு தனியாகப் பேச வேண்டும் என்று முன்பே போனில் சொல்லிவிடுங்கள். வந்த இடத்தில் கேட்டால் வீட்டார் முகம் சுருங்கும். "இது எத்தனாவது கர்ப்பம்?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்பதை நான் பெரிய தவறாகவே நினைக்கிறேன். கல்யாணத்துக்கு முன்போ பின்போ நடந்த ஒரு கருச்சிதைவு கணவருக்கே தெரியாமல் இருக்கலாம். கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் விவரத்தை டாக்டர் வெளியிடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. டூலாவுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை என்பதால் அவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தனியறையில் கேட்டதைக் குறிப்பேட்டில் பெயரோடு எழுதாதீர்கள். வயிற்றைத் தொட்டுப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவதற்கும் எழுத்தில் சம்மதம் வேண்டும். வேண்டாம் என்றால் கட்டணம் ஏறாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அந்தப் பெண்ணின் உரிமைகளை அவருக்கு எடுத்துச் சொல்வது டூலாவின் வேலைக்குள் வரும். எந்தச் சிகிச்சைக்கும் விளக்கம் கேட்டு, புரிந்து, சம்மதிக்கவோ மறுக்கவோ நோயாளிக்கு உரிமை உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் தெளிவாக்கியிருக்கிறது. உயிர் காக்கும் அவசரம் மட்டும் விலக்கு. மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. ஆனால் அவருக்குப் பதிலாக டாக்டரிடம் "வேண்டாம்" என்று டூலா சொல்ல முடியாது, எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடவும் கூடாது. "டாக்டர், அவங்க ஒண்ணு கேக்கணும்னு நினைக்கறாங்க" என்று இடைவெளி உண்டாக்கிக் கொடுப்பதோடு நிற்க வேண்டும்.

பிறகு காகிதம். உறவுபோலப் பழகிவிட்டுப் பணத்தை எழுதி வாங்கக் கூச்சப்படுவது இந்தத் தொழிலில் பலருக்கும் உள்ள பழக்கம். ஒரு பக்க ஒப்பந்தம் போதும். மொத்தக் கட்டணம், அட்வான்ஸ், மீதி எப்போது; டியூ டேட்டுக்கு முன்னும் பின்னும் எத்தனை நாள் அழைத்தால் வருவீர்கள்; உங்களுக்குக் காய்ச்சல் என்றால் பதிலுக்கு வருபவர் யார். கர்ப்பிணி அந்த மாற்று டூலாவையும் முன்பே ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். நாள் குறித்த சிசேரியன் என்று முடிவானால், குழந்தை முன்னதாகவே பிறந்துவிட்டால், மருத்துவமனை உள்ளே விடாவிட்டால், ஊர் மாறினால், அட்வான்ஸில் எவ்வளவு திரும்பும் என்பதைத் தொகையாகவே எழுதுங்கள். "பேசிக்கலாம்" என்று விட்ட இடத்தில்தான் சண்டை வரும். கர்ப்பிணி கட்டாயம் கையெழுத்திட வேண்டும். பணம் கொடுப்பவர் வேறு என்றால் அவரும். ஆளுக்கு ஒரு பிரதி. பணம் வாங்கினால் ரசீது, அல்லது வங்கி வழியே. அன்று மாலையே அட்வான்ஸ் கேட்காமல் இரண்டு நாள் யோசிக்க விடுவது நல்லது. குடும்பத்தாரும் அதற்குள் வேறொரு டூலாவைப் பார்த்துப் பேசலாம்.

உங்கள் பாதுகாப்பையும் பாருங்கள். முன்பின் தெரியாத வீட்டுக்குப் போகுமுன் முகவரியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். முதல் சந்திப்பைக் கர்ப்பிணியின் செக்கப் நாளில், மருத்துவமனை கேன்டீனில் வைத்துக்கொள்வதிலும் தவறில்லை. கர்ப்பிணி இல்லாமல் கணவர் மட்டும் பார்க்க வேண்டும் என்றால் மறுக்கலாம். தொந்தரவு நேர்ந்தால் 181 மகளிர் உதவி எண்ணும் 112-ம் இருக்கின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் தகராறு வந்தால், குடும்பத்துக்கு நுகர்வோர் சட்டம் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு பிரசவத்துக்கு வராத டூலா மீது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். மருத்துவமனையின் நடத்தை பற்றிய குறை என்றால் 104-இல் சொல்லலாம். டாக்டரின் மீதான புகாருக்குத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் இருக்கிறது.

மீதிப் பணம் கிடைக்காத டூலா நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது, ஏனென்றால் அவர் சேவை கொடுத்தவர். முதலில் தேதி குறிப்பிட்டு எழுத்தில் கேட்க வேண்டும். பிறகு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்கு அங்கே சட்ட உதவி இலவசம். 1987-ஆம் ஆண்டின் சட்டம் கொடுத்த உரிமை அது. 15100 என்ற எண்ணில் அழைத்தால் வழி சொல்வார்கள். வழக்குப் போடாமலே இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேச அங்கே ஏற்பாடு உண்டு. போகும்போது ஒப்பந்தத்தின் பிரதி, ரசீதுகள், பிரசவ நாளில் வந்த அழைப்புகளின் பதிவு, வாட்ஸ்ஆப் உரையாடல் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். பணத்தைக் கேட்டு மூன்று ஆண்டுகளுக்குள் சிவில் நீதிமன்றத்திலும் வழக்குத் தொடரலாம்.