வெளியூரில் கல்யாணம்: இடம் பார்க்கப் போகும்போது

அருப்புக்கோட்டைப் பக்கம் உள்ள நம் பந்தல்குடியில் ஒரு கல்யாணம் நடந்தால் பாதிப் பாரத்தை மண்டபம் சுமக்கும், மீதியை ஊர் சுமக்கும். முந்தின நாள் வந்து இறங்கிய சொந்தக்காரர்கள் பக்கத்து வீட்டுத் திண்ணையிலும் மொட்டைமாடியிலும் படுத்துக்கொள்வார்கள். தண்ணீர் தீர்ந்தால் ஒரு போன் போட்டதும் டேங்கர் வரும். இலை குறைந்தால் கடைத்தெருவுக்கு ஒரு பையன் ஓடுவான். அப்பத்தாவுக்குத் தலைசுற்றினால் எந்த டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று எல்லோருக்கும் தெரியும். இவை எதற்கும் பில் கிடையாது. அதனாலேயே இவை கல்யாணச் செலவுக் கணக்கில் வருவதில்லை.

இப்போது பெங்களூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள், “விளையாட்டுப் பூங்காவோடு சேர்ந்த ரிசார்ட் ஒன்றில் வைத்துக்கொள்ளலாம்” என்கிறார்கள். வைக்கலாம். ஆனால் ஊர் சும்மா செய்துகொடுத்த அத்தனை காரியமும் அந்தக் காம்பவுண்டுக்குள் கிடைக்குமா, கிடைத்தால் என்ன விலை என்று பார்ப்பதற்குத்தான் இடம் பார்க்கப் போகிறோம். மேடையின் அழகைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அதைப் பூக்காரரும் லைட்காரரும் மாற்றிவிடுவார்கள். தண்ணீரையும் தூரத்தையும் நேரத்தையும் யாராலும் மாற்ற முடியாது.

வெளியூரில் தாலி கட்டுவது நமக்குப் புதிதல்ல. திருச்செந்தூர் சந்நிதியில் கட்டிக்கொண்டு வரும் குடும்பங்கள் நம் பக்கத்தில் ஏராளம். முருகன் தெய்வானையை மணந்த தலம் என்பதால் முகூர்த்த நாளில் திருப்பரங்குன்றத்தில் ஜோடிகள் வரிசையில் நிற்பதையும் பார்த்திருப்பீர்கள். கோயிலில் நேரம் குறைவு, இடம் குறைவு, எதிர்பார்ப்பும் குறைவு. தாலி கட்டி, சாப்பாட்டை ஒரு மண்டபத்தில் முடித்து, மாலைக்குள் ஊர் திரும்பிவிடலாம். பூங்கா ரிசார்ட் அப்படியல்ல. இரண்டு நாள் அங்கேயே குடியிருக்க வேண்டும்.

பூங்காவில் கல்யாணம் வைக்கும் இந்த வழக்கம் பெரிதாகத் தொடங்கியது அமெரிக்காவில். புளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டில் 1991இல் திருமணங்களை ஒரு தொழிலாகவே நடத்தத் தொடங்கினார்கள். 1995இல் அதற்கென்று தனி மண்டபமும் கட்டினார்கள். நம் நாட்டில் ஐதராபாத் ராமோஜி பிலிம் சிட்டி 1996 முதல் இருக்கிறது. உள்ளேயே ஓட்டல்கள், உள்ளேயே கல்யாணங்கள். பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியில் உள்ள வொண்டர்லா பூங்காவோடு ரிசார்ட்டும் இருக்கிறது. சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் எம்.ஜி.எம். பூங்கா, அதன் அருகே கடற்கரை விடுதி. மதுரைக்குப் பக்கத்தில் பரவையில் அதிசயம் பூங்கா இருக்கிறது. பள்ளிக்கூடச் சுற்றுலா போன பிள்ளைகளுக்கு அது தெரியும். பெயர் எதுவானாலும் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: பூங்காவின் முதல் வாடிக்கையாளர் டிக்கெட் வாங்கி வருபவர். கல்யாண வீட்டார் இரண்டாவது. வைகாசியில் நல்ல முகூர்த்தம் கிடைக்கும், அதே நாட்களில் கோடை விடுமுறைக் கூட்டமும் பூங்காவை நிறைக்கும். ஒரே கேட், ஒரே கார் நிறுத்துமிடம் என்றால் மாப்பிள்ளை அழைப்பு டிக்கெட் வரிசைக்கு நடுவில்தான் போகும். கல்யாண வண்டிகளுக்குத் தனி வாசல் உண்டா என்று கேட்டு, அந்த வாசல் வழியாகவே உள்ளே போய்ப் பாருங்கள்.

தூரத்தைக் காரில் போகிறவரை வைத்து அளக்காதீர்கள். வேனில் போகிற கிழவியை வைத்து அளக்க வேண்டும். பந்தல்குடியிலிருந்து மதுரை நான்குவழிச் சாலையில் ஒரு மணி நேரச் சொச்சம். பெங்களூரோ சென்னையோ சுமார் ஐந்நூறு கிலோமீட்டர். வேனில் ஒரு முழு இரவு. ரயில் என்றால் அருப்புக்கோட்டை வழியாகச் சென்னைக்குப் போகும் சிலம்பு எக்ஸ்பிரஸ் தினமும் ஓடுவதில்லை. எந்தெந்தக் கிழமை ஓடுகிறது என்று பார்க்காமல் முகூர்த்தத் தேதியை முடிவு செய்துவிட்டால் ஐம்பது பேரின் பயணம் தொங்கலில் நிற்கும். சுண்ணாம்புக்கல் குவாரியில் ஷிப்ட் பார்க்கிறவருக்கும் கடை வைத்திருக்கிறவருக்கும் இரண்டு நாள் என்பது இரண்டு நாள் கூலி. அவர்கள் வராமல் போனால் கோபித்துக்கொள்ள முடியாது. எத்தனை பேர் உண்மையில் வருவார்கள் என்று வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து பெயர் பெயராக எழுதிய பிறகு இடம் பார்க்கப் புறப்படுவதே நல்லது.

இனி நேரம். இங்கேதான் ரிசார்ட்டின் பழக்கமும் நம் பழக்கமும் நேருக்கு நேர் மோதுகின்றன. பல விடுதிகளில் மதியம் இரண்டு மணிக்குத்தான் அறை தருவார்கள், மறுநாள் பதினொரு மணிக்குக் காலி செய்யச் சொல்வார்கள். இரவெல்லாம் வேனில் வந்தவர்கள் காலை ஏழு மணிக்கு இறங்குவார்கள். மதியம் வரை அவர்கள் எங்கே பல் துலக்குவது, எங்கே படுப்பது? மறுநாள் ஒன்பதிலிருந்து பத்தரை வரை முகூர்த்தம் என்றால், பொண்ணும் மாப்பிள்ளையும் மணமேடையை விட்டு எழுவதற்குள் அறைச் சாவியைக் கேட்டு ஆள் வந்து நிற்பார். முகூர்த்த நேரத்தைச் சொல்லி, “சார், எங்களுக்கு அறை இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை வேண்டும்” என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சில் ஒப்புக்கொண்ட மேலாளர் கல்யாணத்தன்று விடுப்பில் இருக்கலாம்.

விடியற்கால முகூர்த்தம் என்றால் இன்னும் சில கேள்விகள் உண்டு. மூன்று மணிக்கு எழுந்து குளிக்க வெந்நீர் வருமா? சமையலறை அந்நேரம் திறந்திருக்குமா? மேளம் வாசிக்கலாமா? ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. 2010இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இசைக்கருவிகளுக்கும் அந்தத் தடை உண்டு. மூடிய அரங்குக்கு விலக்கு இருக்கிறது. ஆகவே நாலரை மணி முகூர்த்தத்தைப் புல்வெளியில் வைத்தால் கெட்டிமேளம் கொட்டுவதே சிக்கல். இதை விற்பனைப் பிரிவினர் தாமாகச் சொல்ல மாட்டார்கள். இன்னொன்று: குளிரூட்டிய அரங்கின் கூரையில் சிவப்புக் குமிழோடு தண்ணீர்த் தெளிப்பான்கள் இருக்கும். சுமார் 68 டிகிரி வெப்பம் தொட்டால் குமிழ் உடைந்து தண்ணீர் கொட்டும். கூரை தாழ்வாக இருந்து, நேர் கீழே ஹோமகுண்டம் வந்தால் என்ன ஆகும் என்று நிமிர்ந்து பாருங்கள். புகை உணர்கருவியைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்க யாருக்கு அதிகாரம் என்றும் கேளுங்கள். சில இடங்களில் உள்ளே நெருப்பே கூடாது என்பார்கள். பத்திரிகை அடித்த பிறகு இது தெரியவந்தால் என்ன செய்வது?

மழைக்காட்டுக்காரர்கள் தண்ணீரைப் பற்றிக் கேட்காமல் இருக்கலாம். கரிசல் காட்டுக்காரர்கள் கேட்காமல் இருக்கக் கூடாது. பளபளக்கும் நீச்சல்குளத்தையும் செயற்கை அருவியையும் பார்த்துவிட்டு, இங்கே தண்ணீருக்கு என்ன குறை என்று நினைக்கத் தோன்றும். விளையாட்டுக்குச் சுற்றிவரும் தண்ணீர் வேறு, அண்டாவில் ஊற்றும் தண்ணீர் வேறு. சமையலறைக் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பாருங்கள். உப்புத் தண்ணீர் என்றால் பருப்பு வேகாது, சோறு மஞ்சளடிக்கும், காப்பி திரியும். ஆர்.ஓ. இயந்திரம் இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை லிட்டர் தரும், சேமிக்கும் தொட்டி எவ்வளவு பெரியது என்று கேளுங்கள். எண்ணூறு பேருக்கு மூன்று வேளைச் சமையல் என்றால் குடிப்பதும் கழுவுவதும் சேர்த்துப் பல ஆயிரம் லிட்டர் போகும். லாரித் தண்ணீர் வாங்க வேண்டி வந்தால் செலவு யாருடையது, லாரி சமையல்கட்டு வரை வருமா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

இதற்காகவே இடம் பார்க்கப் போகும்போது சமையல் மாஸ்டரைக் கூட்டிப் போங்கள். மேடையைப் பார்க்க ஆறு பேர் போவார்கள், அடுப்படியைப் பார்க்க ஒருவரும் இருக்க மாட்டார். அவர் பார்க்கும் விஷயங்களே வேறு: அடுப்பு எத்தனை, கழுவுநீர் எங்கே ஓடுகிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, அண்டாவைத் தூக்கிக்கொண்டு பந்தி நடக்கும் இடத்துக்குப் படி ஏற வேண்டுமா. வெளிச் சமையலை அனுமதிக்காத ரிசார்ட்டுகள் பல. இலைக்கு இவ்வளவு என்று அவர்களே போடுவார்கள். அப்படியானால் அவர்கள் சமைத்ததை முதலில் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேச்சு. நம் ஊர்ச் சாம்பாரும் ரசமும் வராவிட்டால், ஐந்நூறு கிலோமீட்டர் தாண்டி வந்தவர்கள் அதைத்தான் பத்து வருஷம் பேசுவார்கள்.

பந்திக் கணக்கு எளிது, போடத்தான் ஆளில்லை. எண்ணூறு பேர், இருநூறு இலை போடும் கூடம் என்றால் நான்கு பந்தி. ஒரு பந்தி உட்கார்ந்து, எழுந்து, இலை எடுத்து, மேசை துடைக்க நாற்பது நிமிடம் வையுங்கள். பத்தரைக்கு முகூர்த்தம் முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கினால் கடைசிப் பந்தி உட்காரப் பன்னிரண்டரை ஆகும். அந்த இரண்டு மணி நேரமும் காத்திருப்பவர்களுக்கு நிழலும் நாற்காலியும் வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் புல்வெளி நிழலாகாது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. மழை வந்தால் மாற்று அரங்கு எது, அதை அன்றைக்கு வேறு யாருக்கும் கொடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

நடை தூரத்தை நீங்களே நடந்து பாருங்கள், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் இன்னும் நல்லது. அறையிலிருந்து மேடை, மேடையிலிருந்து பந்தி, பந்தியிலிருந்து கழிப்பறை. அங்கே மூட்டுவலிக்காரரால் உட்கார்ந்து எழ முடியுமா, பேட்டரி வண்டி அன்றைக்கு எத்தனை ஓடும் என்று பாருங்கள். மொய் எழுதும் மேசைக்கு வெளிச்சமும் மின்விசிறியும் உள்ள இடம், சீர்வரிசைத் தட்டுகளை இறக்கிவைத்துப் பூட்ட ஓர் அறை, வேன் டிரைவர்கள் படுக்க ஓர் இடம் ஆகியவற்றையும் கேளுங்கள். இரவெல்லாம் ஓட்டி வந்து மறுநாள் இரவு திரும்ப ஓட்டப் போகிறவர் தூங்காமலிருப்பது நம் எல்லோருடைய உயிர்ப் பிரச்சினை.

எப்போது போய்ப் பார்ப்பது? மேலாளர் கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மதியம்தான் வரச் சொல்வார். நீங்கள் வேறு யாருடைய கல்யாணமோ நடக்கும் நாளில் போங்கள். கழிப்பறை அன்று எப்படி இருக்கிறது, கரண்ட் போனால் ஜெனரேட்டர் எத்தனை நொடியில் எடுக்கிறது, பூங்காவின் பாட்டுச் சத்தம் அரங்குக்குள் எவ்வளவு கேட்கிறது என்பதெல்லாம் அன்றுதான் தெரியும்.

பணத்தில் கவனிக்க வேண்டியது, சொன்ன தொகைக்கு வெளியே நிற்பவை. அரங்கு வாடகைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தா, தனியா? மின்கட்டணம் மீட்டர் பார்த்து வாங்குவார்கள் என்றால், சாவி வாங்கும்போதே எண்ணைக் குறித்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். துப்புரவு, டீசல், உடைந்த பாத்திரம், வெளியிலிருந்து வரும் அலங்காரக்காரருக்கு வசூலிக்கும் தொகை, கூடுதல் மெத்தை, பூங்கா டிக்கெட் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி வாங்குங்கள். தேதி மாறினால் முன்பணம் என்ன ஆகும் என்ற வரியும் அதில் இருக்க வேண்டும்.

சட்டத்தையும் விட்டுவிடக் கூடாது. அருப்புக்கோட்டைப் பக்கத்துச் சுக்கிலநத்தத்தில் 1928 மே 28இல் புரோகிதர் இல்லாமல் பெரியார் தலைமையில் நடந்ததைத்தான் முதல் சுயமரியாதைத் திருமணம் என்பார்கள். அப்படிப்பட்ட திருமணங்கள் செல்லும் என்று 1967இல் அண்ணா ஆட்சி இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்த்தது. அது தமிழ்நாட்டுக்கான திருத்தம். மாலை மாற்றி, மோதிரம் மாற்றித் திருமணம் செய்யும் குடும்பங்கள் பிடதி போன்ற வெளிமாநில இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு வக்கீலைப் பார்த்துவிடுவது நல்லது. தமிழ்நாட்டுக்குள் என்றால், 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும். முன்பணம் கட்டப் போவதை வேலை நாளாக வைத்துக்கொண்டு, ரிசார்ட் எந்தச் சார்பதிவாளர் எல்லையில் வருகிறது என்று கேட்டு, திரும்பும் வழியில் அங்கே இறங்கி என்னென்ன தாள்கள் வேண்டும் என்று குறித்துக்கொண்டு வாருங்கள்.