கொங்குச் சமையற்கட்டு – 9: விருந்துக்கு வேறு அடுப்பு வேண்டாம்

ஒரம்பரை (விருந்தாளிகள்) வருகிறது என்று தெரிந்ததும் கொங்கு வீடுகள் பலவற்றில் இப்போது முதலில் நடப்பது, அன்றாடம் சமைப்பதை ஓரங்கட்டுவதுதான். பன்னீரும் பிரியாணியும் பட்டியலில் ஏறுகின்றன. வீட்டுக்குப் பழக்கமில்லாத மசாலாப் பொட்டலங்கள் கடையிலிருந்து வருகின்றன. கைக்குப் பிடிபடாத பதத்தோடு மல்லுக்கட்டி, இலை போடும் நேரத்தில் சமைத்தவர் களைத்துப்போகிறார். தினச்சாப்பாடு வேறு, விருந்து வேறு, இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர் உண்டு என்ற நம்பிக்கையே இத்தனைக்கும் காரணம். அந்தச் சுவர் தேவையில்லை என்பதே இந்த வாரத்து வாதம். நமக்கு நன்றாகச் செய்யத் தெரிந்ததையே கூடுதல் கவனத்தோடு செய்தால் அது விருந்தாகும். இதற்குச் சாட்சி கொங்கு நாட்டின் உணவு வரலாற்றிலேயே இருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடப்பது கோவைச் சமவெளி. ஆண்டு மழை 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். பவானி, நொய்யல், அமராவதிக் கரைகளிலும் காலிங்கராயன் வாய்க்கால் பாயும் வயல்களிலும் நெல் விளைந்தது. மற்ற மேட்டுக்காடெல்லாம் கம்பு, சோளம், ராகி, கொள்ளு. அதனால் காட்டு வெள்ளாமைக் குடும்பங்களுக்குத் தினச்சாப்பாடு கம்மஞ்சோறும் களியும்தான். நெல்லுச்சோறு நோம்பிக்கும் (பண்டிகைக்கும்) ஒரம்பரைக்கும் ஆனது. 1948இல் தொடங்கி 1955இல் கட்டிமுடிந்த பவானிசாகர் அணையும், அடுத்து வந்த பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டமும் வறண்ட காடுகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தன. ரேஷன் அரிசி 2008இல் கிலோ 1 ரூபாயானது. 2011இல் விலையில்லாமலே கிடைத்தது. அரிசி அன்றாடமாகிவிட்டது. இன்று கல்யாண மண்டபத்தில் கம்பங்கூழுக்கும் ராகிக் களிக்கும் தனி மேசை போடுகிறார்கள். இரண்டு மூன்று தலைமுறைக்குள் விருந்து அன்றாடமாகவும், அன்றாடம் விருந்தாகவும் இடம் மாறியிருக்கின்றன. ஆக, விருந்துத் தன்மை என்பது பண்டத்தோடு கூடப் பிறந்ததல்ல. நாம் அதை எந்த நாளில், எந்த மனதோடு பரிமாறுகிறோமோ அதிலிருந்து வருவது.

அரிசியும் பருப்பும் சாதத்தை எடுத்துக்கொள்ளலாம். 1 டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு. எண்ணெயில் கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, பத்துப் பன்னிரண்டு சின்ன வெங்காயம், தட்டிய பூண்டு, ஒரு தக்காளி வதக்கி, மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்து, 3 டம்ளருக்குச் சற்றுக் கூடுதலாகத் தண்ணீர் விட்டுக் குக்கரில் 3 விசில். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. இதில் ஊட்டக் கணக்கும் சரியாக இருக்கிறது. அரிசியில் குறையும் லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பருப்பு தருகிறது; பருப்பில் குறையும் மெத்தியோனினை அரிசி தருகிறது. இதே சாதத்தை ஒரம்பரைக்குப் போடும் நாளில் மாற்ற வேண்டியவை சிலதான். சின்ன வெங்காயத்தை நறுக்காமல் முழுசாகப் போடுவது, சூடு ஆறுவதற்குள் பரிமாறுவது, தாராளமாக உருக்கின நெய், கெட்டித் தயிர், பக்கத்தில் கொள்ளு ரசம், கடைசியில் ஒரு ஒப்புட்டு. ஒப்புட்டுக்கான கடலைப்பருப்பு, வெல்லப் பூரணத்தை முதல் நாளே அரைத்து உருட்டி வைத்துவிடலாம். நோம்பி நாளில் தட்டிச் சுடும் வேலை மட்டுமே மிஞ்சும்.

இந்த வாதத்துக்கு எழும் முதல் மறுப்பு, இவ்வளவு எளிமையாகப் போட்டால் வந்தவருக்கு மரியாதைக் குறைவாகப் படாதா என்பது. அந்தக் கவலையைத் தள்ளிவிட முடியாது. உபசரிப்பைப் பெருமையாக நினைக்கும் மண் இது. ஆனால் கொங்கு நாட்டுக்கு வெளியே பெயரெடுத்த பதார்த்தங்களைப் பாருங்கள். நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையம் சிக்கனில் கோழியோடு சேர்வது சின்ன வெங்காயம், விதை உதிர்த்த வரமிளகாய், பூண்டு, கறிவேப்பிலை, தேங்காய்ப் பல், மஞ்சள், எண்ணெய். பட்டையும் கிராம்பும் அரைத்த மசாலாவும் அதற்குத் தேவைப்படவில்லை. வெங்காயம் நிதானமாக வதங்குவதும், கோழி தன் நீரிலேயே வேகுவதும்தான் அதன் ருசி. பதார்த்தங்களின் எண்ணிக்கை கூடக் கூட ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் கவனம் குறைகிறது. பத்துப் பதார்த்தம் அரைகுறையாக ஆறிக் கிடக்கும் இலையைவிட, மூன்று பதார்த்தம் சுடச்சுட விழும் இலையில்தான் மரியாதை அதிகம்.

வகை வேண்டும் என்பவர்களுக்கும் நம் வீட்டிலேயே வழியுண்டு. சந்தகைக்கு இட்லி அரிசியை 4 மணி நேரம் ஊறவைத்து, நைசாக அரைத்து, உப்புச் சேர்த்து, இட்லித் தட்டில் வேகவைத்துச் சூட்டோடு பிழிய வேண்டும்; வெந்த மாவு ஆற ஆற இறுகிக்கொள்ளும் என்பதால் இதில் மட்டும் தாமதம் கூடாது. பிழிந்ததைப் பிரித்து வைத்தால் ஒரு பங்கு எலுமிச்சைக்கு, ஒரு பங்கு தேங்காய்த் துருவலுக்கு, ஒரு பங்கு வெல்லம் கலந்த தேங்காய்ப் பாலுக்கு, ஒரு பங்கு கோழிக் குழம்புக்கு. ஒரே வேலையில் நான்கு ருசி. குழந்தையும் பெரியவரும், சைவமும் அசைவமும் ஒரே பந்தியில் உட்கார இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

இரண்டாவது மறுப்பு கனமானது. பழைய சமையலைப் புகழ்வது பெண்களின் முதுகை மறுபடி உரலுக்கும் ஆட்டுக்கல்லுக்கும் வளைக்கச் சொல்வதாகாதா? கம்பு குத்துவதும், களி கிண்டுவதும், சந்தகை பிழிவதும் உடலை முறித்த வேலைகள். அவற்றை அழகாகச் சித்திரிப்பது நேர்மையாகாது. ஆனால் அந்தப் பாரத்தில் பெரும்பகுதியை இந்த ஊரே இறக்கி வைத்துவிட்டது. கோவையில் சபாபதி என்பவர் 1955இல் உருவாக்கிய மின் கிரைண்டர் ஆட்டுக்கல்லின் வேலையைத் தன் தலையில் வாங்கிக்கொண்டது. கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. தோல் நீக்கிய கம்பு மளிகைக் கடையில் கிடைக்கிறது. மத்தால் கடைந்த கொள்ளுக் கடையலைக் குக்கரும் மிக்ஸியும் முடித்துத் தருகின்றன. வேகவைத்து வடித்த தண்ணீர் ரசமாகிறது. மிச்சமிருக்கும் வேலை பிழிவதும் தட்டுவதும்தான். அதற்கு வீட்டு ஆண்களும் கை கொடுத்தாக வேண்டும். பழைய ருசியை வைத்துக்கொண்டு பழைய பாரத்தை விடுவதே நியாயம்.

அன்றாடச் சமையலை விருந்துக்கு உயர்த்துவதில் இன்னொரு நன்மையும் உண்டு. விருந்துக்கென்று தேர்ந்தெடுத்த கவனம் மறுநாளும் கையில் ஒட்டிக்கொள்ளும். ஒரம்பரைக்காக வெங்காயத்தை நிதானமாக வதக்கியவர் அதன் ருசியைக் கண்டபின், சாதாரணச் செவ்வாய்க்கிழமையிலும் அவசரமாகக் கருக்க மாட்டார். வந்தவருக்குப் போட்ட அதே சோறு வீட்டுப் பிள்ளைகளுக்கும் தினம் கிடைக்கும். வருகிற நோம்பிக்குப் பட்டியல் போடுமுன், போன வாரம் வீட்டில் எல்லாரும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டது எது என்று யோசியுங்கள். அதையே முதலில் எழுதுங்கள்.

(அடுத்த வாரம்: கொள்ளு – ஒரு பருப்பில் ஐந்து சமையல்)