காட்டுக்குப் போன ஏழு பேர். திரும்பி வந்தபோது ஊரில் ஆள் இல்லை!

ஏழு பேர். எல்லாரும் பள்ளிக்கூடத்தில் படிக்கிற வயது. விடுமுறைக்கு மலைக்காட்டில் போய்த் தங்குகிறார்கள். ஓர் இரவு, விளக்கில்லாத விமானங்கள் தலைக்கு மேலே தாழப் பறக்கின்றன. ஊரில் நடக்கும் விழாவுக்கு வந்தவையாக இருக்கும் என்று விட்டுவிடுகிறார்கள்.

சில நாள் கழித்து வீடு திரும்பினால், கட்டிப் போட்ட நாய்கள் செத்துக் கிடக்கின்றன. மின்சாரம் இல்லை. டெலிபோன் வேலை செய்யவில்லை. அப்பா அம்மாவைக் காணோம். அன்னியப் படை ஊரைப் பிடித்துவிட்டது! ஊர் ஜனங்களைப் பொருட்காட்சி மைதானத்தில் அடைத்து வைத்திருக்கிறார்கள்.

இது கதைதான். ஆஸ்திரேலிய எழுத்தாளர் ஜான் மார்ஸ்டன் 1993-ல் எழுதிய ‘டுமாரோ, வென் தி வார் பிகேன்’ நாவல் இப்படித் தொடங்குகிறது. 1999-க்குள் ஏழு பாகங்கள் வெளிவந்தன. 2010-ல் சினிமாவாகவும் வந்தது.

மார்ஸ்டன் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவர். பல வேலைகள் பார்த்துவிட்டு, 28-ம் வயதில் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்தவர். பாடம் சொல்லிக் கொடுத்துப் பழகியதால், அந்த வயதுப் பிள்ளைகளின் பேச்சும் போக்கும் அவருக்கு அத்துப்படி.

தெரிந்த தொழிலே ஆயுதம்

ஆஸ்திரேலியருக்கு இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. 1942 பிப்ரவரி 19-ந் தேதி ஜப்பான் விமானங்கள் டார்வின் துறைமுகத்தில் குண்டு வீசின. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

கதையைச் சொல்பவள் எல்லி. பண்ணை வீட்டுப் பெண். டிராக்டரும் லாரியும் ஓட்டிப் பழகியவள். காலில் குண்டு பாய்ந்த லீ என்ற பையனை, மண் அள்ளும் வண்டியின் வாளியில் கிடத்திக் கொண்டு வந்துவிடுகிறாள். பாலத்தைத் தகர்க்க வேண்டும், வெடிகுண்டு ஏது? மாட்டு மந்தையைப் பாலத்தின் மேல் விரட்டிக் காவல்காரர்களை ஓட வைக்கிறார்கள். பெட்ரோல் லாரியைப் பாலத்துக்கு அடியில் நிறுத்தித் தீ வைக்கிறார்கள். தினமும் கையாண்ட பொருளும் தெரிந்த தொழிலும்தான் அவர்களுக்கு ஆயுதம்.

ஆனால் இது வெறும் சாகசக் கதை அல்ல. புல் வெட்டும் இயந்திரத்தின் பெட்ரோல் டாங்கியை வெடிக்க வைத்து, துரத்தி வந்த சிப்பாய்களை எல்லி கொன்றுவிடுகிறாள். அதன்பின் அவளுக்கு நிம்மதி இல்லை. செத்தவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே என்ற எண்ணம் அவளை அரிக்கிறது. போன ஏழு பேரில் எல்லாரும் உயிரோடு மிஞ்சுவதும் இல்லை.

எதிரி யார்?

படையெடுத்த நாட்டின் பெயரை மார்ஸ்டன் கடைசி வரை சொல்லவே இல்லை. ஆசிய நாடுகளின் மேல் பயத்தைக் கிளப்புகிற கதை என்று சிலர் குறை கூறினர். இந்த ஏழு பேரிலேயே லீயின் பெற்றோர் தாய்லாந்து, வியட்நாம் நாடுகளிலிருந்து வந்தவர்கள். ஹோமரின் குடும்பம் கிரேக்கக் குடும்பம்.

இவ்வளவு நிலமும் வளமும் ஒரே நாட்டிடம் இருக்கலாமா என்பது படையெடுத்தவர்களின் கேள்வி. அதைப் பற்றிப் பிள்ளைகளுக்குள்ளேயே வாக்குவாதம் நடக்கிறது. அந்த மண்ணை வெள்ளையர்களும் ஒரு நாள் வந்து பிடித்தவர்கள்தானே! அதை மார்ஸ்டனும் மறக்கவில்லை. 1998-ல் ஓவியர் ஷான் டானுடன் சேர்ந்து ‘தி ராபிட்ஸ்’ என்ற படப் புத்தகம் வெளியிட்டார். முயல்கள் கூட்டமாக வந்து நாட்டைப் பிடிப்பதுபோல், ஆஸ்திரேலியாவில் வெள்ளையர் குடியேறிய கதையை அது சொல்கிறது.

எழுதி வை!

காட்டில் ஒளிந்திருக்கும்போது நண்பர்கள் எல்லியிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறார்கள். நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் எழுதி வைக்க வேண்டும். தாங்கள் செத்துப் போனாலும், என்ன செய்தோம் என்பது நாலு பேருக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அப்படி அவள் எழுதியதுதான் இந்த நாவல்.

வீட்டில் என்ன நடக்கிறதோ என்று தெரியாமல் தவிப்பது எப்படி இருக்கும் என்பதை ஊரை விட்டு வந்து பிழைப்பவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எல்லியின் தவிப்பு நமக்குச் சட்டென்று புரியும். ஆங்கிலமும் எளிமையானது. பத்தாவது படிக்கும் பிள்ளை தட்டுத் தடுமாறியாவது படித்து விடும்.

மார்ஸ்டன் 2024 டிசம்பர் 18-ந் தேதி காலமானார். அவருக்கு வயது 74.