கரண்ட் போனா மோட்டாரும் போச்சு! பேஸ்மென்டை வெள்ளத்திலிருந்து காக்கும் ‘பேக்கப் பம்ப்’: ஆவடிவாசிகள் தெரிஞ்சிக்க வேண்டியது என்ன?

வடகிழக்குப் பருவமழை நெருங்கினாலே சென்னையின் மேற்குப் புறநகர்வாசிகளுக்கு மனசுல ஒரு பதற்றம் வந்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது ஆவடியில் ஒரே நாளில் 28 செ.மீ. மழை கொட்டியது. பருத்திப்பட்டு, விளிஞ்சியம்பாக்கம், சேக்காடு என ஏரிகள் சூழ்ந்த ஊர் இது. பெருமழையில் ஏரிகள் நிரம்பிவிட்டால் நிலத்தடி நீர்மட்டமும் சேர்ந்து ஏறும். அப்போது முதலில் தண்ணி சேரும் இடம், தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும் பேஸ்மென்ட் பார்க்கிங்தான்.

‘எங்க அபார்ட்மென்ட்ல மோட்டார் இருக்கே’ என்று பலரும் நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் தெருவில் தண்ணி தேங்கினால், யாருக்கும் ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக மின்வாரியமே மின்சாரத்தை நிறுத்திவிடும். அதாவது, மோட்டார் ஓடியே ஆக வேண்டிய நேரத்தில்தான் அதற்கு கரண்ட் இருக்காது. பேக்கப் பம்ப் தேவைப்படுவது இதற்காகத்தான்.

சம்ப் பம்ப் என்றால் என்ன?

நம்ம ஊரில் ‘சம்ப்’ என்றதும் குடிநீர் தொட்டிதான் நினைவுக்கு வரும். இங்கே சொல்வது வேறு. பேஸ்மென்டின் தாழ்வான மூலையில் ஒரு குழி தோண்டி, கசியும் நீரும் மழைநீரும் அங்கே வந்து சேரும்படி தரைக்குச் சரிவு கொடுப்பார்கள். அந்தக் குழிக்குள் நீரில் மூழ்கி ஓடும் மோட்டார் இருக்கும். தண்ணி குறிப்பிட்ட மட்டத்துக்கு ஏறியதும் ‘ஃப்ளோட் சுவிட்ச்’ எனும் மிதவை மேலெழுந்து மோட்டாரைத் தானாக ஓட வைக்கும். தண்ணி இறங்கினால் நின்றுவிடும்.

எவ்வளவு தண்ணி வரும்?

ஒரு சின்னக் கணக்கு. பேஸ்மென்டுக்கு இறங்கும் சரிவுப் பாதை 5 மீட்டர் அகலம், 15 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 75 சதுர மீட்டரில் 28 செ.மீ. மழை பெய்தால், அதன் மூலம் மட்டும் 21,000 லிட்டர் தண்ணி உள்ளே இறங்கும். ஒரு மணி நேரத்தில் 6 செ.மீ. கொட்டினால் நிமிடத்துக்கு 75 லிட்டர். சுவர்க் கசிவு இதில் சேரவில்லை.

எனவே மோட்டார் வாங்கும்போது ஹெச்.பி.யை மட்டும் பார்த்தால் போதாது. குழியின் அடியிலிருந்து தண்ணி வெளியேறும் இடம் வரை எவ்வளவு உயரம், அந்த உயரத்தில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளும் என்று கேட்டு வாங்க வேண்டும். உயரம் கூடக் கூட தள்ளும் அளவு குறையும்.

ஒரு மோட்டார் போதாதா?

போதாது. மோட்டார் எரிந்துபோகலாம், மிதவையில் குப்பை சிக்கலாம், மின்சாரம் நிற்கலாம். இந்த மூன்றையும் சமாளிப்பதுதான் சரியான பேக்கப். அதற்குத் தேவையானவை:

1. அதே குழியில் இரண்டாவது மோட்டார். அதன் மிதவை முதல் மோட்டாரின் மிதவையைவிட சற்று உயரத்தில் இருக்க வேண்டும். முதல் மோட்டார் ஓடவில்லை என்றாலோ, திணறினாலோ இது தானாக ஓடத் தொடங்கும்.

2. இரண்டுக்கும் தனித்தனி பைப், தனித்தனி ‘நான் ரிட்டர்ன் வால்வு’. இந்த வால்வு இல்லையென்றால், மேலே ஏற்றிய தண்ணி மறுபடியும் குழிக்கே திரும்பிவிடும்.

3. மெயின் லைனை நம்பாத மின்சாரம்: இன்வெர்ட்டர் அல்லது ஜெனரேட்டர்.

4. தண்ணி அபாய மட்டத்தைத் தொட்டால் கத்தும் அலாரம். நள்ளிரவில் செக்யூரிட்டிக்கும் குடியிருப்போருக்கும் இதுதான் எச்சரிக்கை.

வீட்டு இன்வெர்ட்டர் தாங்குமா?

150 ஏ.ஹெச். திறனுள்ள ஒரு 12 வோல்ட் பேட்டரியில் சுமார் 1,800 வாட்-மணி சக்தி இருக்கும். அரை ஹெச்.பி. மோட்டார் சுமார் 600 வாட் இழுக்கும். இழப்புகளைக் கழித்தால், தொடர்ந்து ஓடினால் ஏறக்குறைய 2 மணி நேரம் தாங்கும். அரை மணி நேரத்துக்கு 10 நிமிடம் என விட்டுவிட்டு ஓடினால் 6 மணி நேரம் வரை வரும்.

ஒரு சிக்கல் உண்டு. ஸ்டார்ட் ஆகும் நொடியில் மோட்டார் வழக்கத்தைவிட பல மடங்கு கரண்டை இழுக்கும். ஃபேன், லைட்டுக்காக வாங்கிய சின்ன இன்வெர்ட்டர் அப்போதே ட்ரிப் ஆகிவிடலாம். பேக்கப் மோட்டாருக்கென தனி இன்வெர்ட்டர் வைப்பதும், எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதும் நல்லது. மின்தடை நாள்கணக்கில் நீடித்தால் பேட்டரி கைகொடுக்காது. பெரிய குடியிருப்புகளுக்கு ஜெனரேட்டர்தான் வழி.

பலரும் செய்யும் தவறு

மோட்டாரின் ஸ்விட்ச் போர்டு, இன்வெர்ட்டர், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் பேஸ்மென்டிலேயே வைப்பதுதான் பெரிய தவறு. தண்ணி ஏறினால் காப்பாற்ற வேண்டியவையே முதலில் மூழ்கும். இவை தரைத்தளத்துக்கு மேலே, தெருவில் தண்ணி நிற்கும் உயரத்தையும் தாண்டி இருக்க வேண்டும். ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு இருப்பதால், மூடிய இடத்தில் அதை ஓட்டுவது உயிருக்கே ஆபத்து. மோட்டார் இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம்.

பம்பால் முடியாதது எது?

தெருத் தண்ணியை எந்த வீட்டு மோட்டாராலும் இறைத்துத் தீர்க்க முடியாது. சரிவுப் பாதையின் தொடக்கத்தில் ரோட்டைவிட உயரமாக ஒரு மேடு, குறுக்கே கம்பி மூடி போட்ட வடிகால், அவசரத்துக்கு மணல் மூட்டை... இவைதான் முதல் தடுப்பு. வெளியேற்றும் பைப்பின் வாயும் வெள்ள மட்டத்துக்கு மேலே, மழைநீர் வடிகாலை நோக்கி இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு வாசலிலோ, பாதாளச் சாக்கடையிலோ விடக் கூடாது.

பேஸ்மென்டே இல்லாத வீடுகளுக்கு?

ரோடு மேல ரோடு போட்டு, தெருவைவிட தாழ்ந்துபோன தனி வீடுகளுக்கும் இதே நிலைதான். பழைய தார் சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். ஆனால் அதற்கு முன்பே உயர்ந்துவிட்ட சாலைகள் இறங்கப் போவதில்லை. இத்தகைய வீடுகளில் போர்டிகோ மூலையில் ஒரு குழியும் சின்ன மோட்டாரும் உதவும். கழிவுநீர் எதிர்த்து வராமலிருக்க, வெளியேறும் பைப்பிலும் நான் ரிட்டர்ன் வால்வு தேவை.

உயிரைவிட கார் பெரிசில்ல

2022 செப்டம்பரில் தென்கொரியாவின் போஹாங் நகரில் ஹின்னம்னார் புயலின்போது, அடுக்குமாடியின் நிலத்தடி பார்க்கிங்கில் காரை எடுக்கப் போன இடத்தில் வெள்ளத்தில் சிக்கி 7 பேர் இறந்தனர். 2024 ஜூலை 27-ல் டெல்லி பழைய ராஜிந்தர் நகரில் ஒரு பயிற்சி மையத்தின் பேஸ்மென்டில் வெள்ளம் புகுந்து 3 மாணவர்கள் பலியாகினர். தண்ணி பாயத் தொடங்கிவிட்டால் கீழே இறங்கவே கூடாது. கனமழை எச்சரிக்கை வந்ததுமே வாகனத்தை மேட்டுக்கு மாற்றிவிட வேண்டும்.

மழை நின்ற பிறகும் அவசரம் கூடாது. மின்சாரம் நிறுத்தப்பட்டதை உறுதி செய்யாமல் உள்ளே போகக் கூடாது. முழுசா மூழ்கிய பேஸ்மென்டை ஒரே மூச்சில் காலி செய்தால், வெளியே ஊறியிருக்கும் மண்ணின் அழுத்தத்தில் சுவர் விரிசல் விடலாம், இடிந்தும் விழலாம். ஒரு நாளைக்கு மூன்றில் ஒரு பங்கு என படிப்படியாக இறைப்பதே பாதுகாப்பு.

அக்டோபருக்கு முன் செய்ய வேண்டியவை

குழியில் சேர்ந்த மண்ணையும் பிளாஸ்டிக்கையும் அள்ளுங்கள். வாளியால் தண்ணி ஊற்றி மிதவை மேலெழுகிறதா என்று பாருங்கள். பிறகு மெயினை அணைத்துவிட்டு, பேக்கப் மோட்டார் தானாக ஓடுகிறதா என்று சோதியுங்கள். இந்த ஒரு சோதனையை மழைக்காலம் முடியும்வரை மாதம் ஒருமுறை செய்தாலே போதும், மோட்டாரை நம்பலாமா கூடாதா என்பது தெரிந்துவிடும்.

மின்சாரப் புகார்களுக்கு மின்னகம் 94987 94987, பேரிடர் உதவிக்கு மாநில எண் 1070, மாவட்ட எண் 1077. இவற்றை மோட்டார் ஸ்விட்ச் போர்டு பக்கத்திலேயே எழுதி ஒட்டிவையுங்கள்.