செய்தியும் சாட்சியும்: செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் ஆறுதல் பற்றி ஒரு குறிப்பு

2023 பிப்ரவரி 13 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மூன்று மாணவர்கள் இறந்தார்கள். சில நாட்களில், வேறொரு மாநிலத்தில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் பீபாடி கல்லூரி தன் மாணவர்களுக்கு ஒரு ஆறுதல் மின்னஞ்சல் அனுப்பியது. ஒருவரையொருவர் அக்கறையோடு பார்த்துக்கொள்வோம், ஒரு சமூகமாகச் சேர்ந்து நிற்போம் என்கிற தொனியில் இருந்த கடிதம் அது. மொழியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அடியில் ஒரு வரி இருந்தது: இது சாட்ஜிபிடி தந்ததைத் தழுவி எழுதப்பட்டது என்று. மாணவர்கள் கொதித்துப் போனார்கள். கல்லூரி உடனே மன்னிப்புக் கேட்டது.

இதில் எனக்கு சுவாரஸ்யமாகப் பட்ட விஷயம் ஒன்று உண்டு. அந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் யாரும் எதுவும் சொல்லியிருக்கப் போவதில்லை. அனுப்பியவர்கள் பொய்யும் சொல்லவில்லை, உண்மையைத்தான் போட்டார்கள். வார்த்தைகள் அதே வார்த்தைகள்தான். அப்படியென்றால் உடைந்தது எது?

ஒரு கடிதம் சுமக்கும் இரண்டு சுமைகள்

மானுடவியலாளர் மலினோவ்ஸ்கி 1923-ல் ஒரு கட்டுரையில் இதைத் தொட்டிருக்கிறார். மனிதர்கள் பேசுவதில் ஒரு பகுதி தகவல் சொல்வதற்கே அல்ல, உறவைப் பிடித்து வைத்துக்கொள்வதற்கு என்பது அவர் கருத்து. நம்ம ஊரில் இதற்கு விளக்கமே வேண்டாம். தெருவில் பார்த்தவுடன் "என்ன, சாப்டாச்சா?" என்று கேட்கிறோம். பதில் என்னவாக இருந்தாலும் கேட்டவர் சோறு போடப் போவதில்லை. "உன்னைப் பார்த்தேன், நின்றேன், கேட்டேன்" என்பதுதான் அங்கே விஷயம்.

ஆக ஒவ்வொரு கடிதமும் இரண்டு சுமைகளைச் சுமக்கிறது. ஒன்று செய்தி. இன்னொன்று சாட்சி, அதாவது இவர் எனக்காகத் தன் நேரத்தையும் மனதையும் கொஞ்சம் செலவழித்தார் என்பதற்கான அத்தாட்சி. மீட்டிங் எத்தனை மணிக்கு என்ற ஈமெயிலில் செய்திதான் எல்லாம். துக்கம் விசாரிக்கும் கடிதத்தில் செய்தி ஏறக்குறைய பூஜ்யம், சாட்சிதான் எல்லாம். பீபாடி மாணவர்களுக்கு வந்ததில் செய்தி இருந்தது, சாட்சி இல்லை. அவ்வளவுதான்.

அப்படியென்றால் தந்தி?

இந்த இடத்தில் ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். பிறர் எழுதிய வார்த்தையை நாம் அனுப்புவது புதிதா என்ன? நம் தபால் தந்தி இலாகா வாழ்த்துத் தந்திக்கென்றே ஆயத்த வாக்கியங்களுக்கு எண் போட்டு வைத்திருந்தது. எண்ணைச் சொன்னால் போதும், அந்த முனையில் வாக்கியமாகப் போய்ச் சேரும். 2013 ஜூலையோடு தந்தி சேவை நின்றது. அதுவரைக்கும் "இது நீ எழுதினது இல்லையே" என்று எந்த மாப்பிள்ளையும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. கல்யாணப் பத்திரிகையும் அப்படித்தான். வாசகங்கள் எல்லாம் அச்சகத்துக்காரரிடம் தயாராக இருப்பவை.

காரணம் எளிது. அங்கே சாட்சி வார்த்தையில் இல்லை. தந்தி ஆபீஸுக்குப் போய், வரிசையில் நின்று, காசு கட்டியதில் இருந்தது. பத்திரிகையில் மஞ்சள் தடவி, நேரில் வந்து, தட்டில் வைத்துக் கொடுத்ததில் இருந்தது. வார்த்தை பொதுச்சொத்து என்பது இரண்டு பக்கமும் தெரிந்த ஒப்பந்தம்.

செயற்கை நுண்ணறிவு இந்த ஒப்பந்தத்தைத்தான் குலைக்கிறது. பத்து விநாடியில் வருவது, ஒரு மணி நேரம் உட்கார்ந்து யோசித்து எழுதியது போலவே தோற்றம் தருகிறது. வாட்ஸ்அப் குழுவில் "ஆழ்ந்த இரங்கல்" என்று இரண்டு சொல் போடுகிறவரை நான் குறைத்து மதிப்பதில்லை. அதன் விலை எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும், அதில் ஒளிவுமறைவு கிடையாது. மூன்று பத்தி உருக்கமான இரங்கல்தான் இப்போது சந்தேகத்துக்கு உரியதாகிவிட்டது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

2023-ல் வெளியான இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். முதலாவது, கார்னெல் பல்கலைக்கழகக் குழுவினர் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வெளியிட்டது. அரட்டையில் இயந்திரம் பரிந்துரைக்கும் ஆயத்தப் பதில்களைப் பயன்படுத்தினால் உரையாடல் வேகமாகிறது, மொழி இனிமையாகிறது, எதிரில் இருப்பவர் நம்மை நெருக்கமாகவும் ஒத்துழைப்பவராகவும் உணர்கிறார். ஆனால் "இவர் இயந்திரத்தின் பதிலை அனுப்புகிறார்" என்று சந்தேகம் வந்துவிட்டால் மதிப்பீடு தலைகீழாகிறது.

சரி, சந்தேகம் சரியாக வருமா? இரண்டாவது ஆய்வு பிஎன்ஏஎஸ் இதழில் வந்தது. தன்னைப் பற்றிய அறிமுகக் குறிப்புகளைக் கொடுத்து, மனிதர் எழுதியதா இயந்திரம் எழுதியதா என்று சுமார் 4,600 பேரிடம் கேட்டார்கள். சரியாகச் சொன்னது 50 முதல் 52 சதவீதம். நாணயம் சுண்டிப் போட்டாலும் இதேதான் வரும். "நான்" என்று எழுதியிருந்தால், குடும்பத்தைப் பற்றிச் சொல்லியிருந்தால், மனிதர்தான் என்று நம்பிவிடுகிறார்கள். இயந்திரத்துக்கு அதுவும் நன்றாகவே வரும்.

இரண்டையும் சேர்த்தால் கிடைப்பது இது: சந்தேகம் உறவைக் கெடுக்கும், ஆனால் அந்தச் சந்தேகம் குருட்டுத்தனமானது. நிஜமாகவே உட்கார்ந்து எழுதியவரும் சந்தேகிக்கப்படுவார். என்னைக் கவலைப்பட வைப்பது இந்த இடம்தான்.

இயந்திரம் ஏன் சராசரியை எழுதுகிறது?

மொழி மாதிரிகள் அடிப்படையில் ஒரு வேலையைத்தான் செய்கின்றன. இதுவரை வந்த சொற்களை வைத்து, அடுத்து வர வாய்ப்புள்ள சொல் எது என்று கணிக்கின்றன. "இரங்கல் கடிதம் எழுது" என்றால், ஆயிரக்கணக்கான இரங்கல்களில் பொதுவாக இருப்பது எதுவோ அதை நோக்கித்தான் அது சாயும். ஆனால் உறவு என்பது பொதுவில் இல்லாத பகுதியில்தான் இருக்கிறது.

தமிழில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். நம் மொழியில் உறவின் பாதி விளியிலேயே இருக்கிறது. ஒருவரை "அண்ணே" என்பதா, "சார்" என்பதா, "மாப்ள" என்பதா என்பது இருபது வருடப் பழக்கத்தில் முடிவாவது. நாம் சொல்லிக்கொடுக்காதவரை இயந்திரத்துக்கு அது தெரியாது. "அன்புள்ள நண்பரே, உங்கள் இழப்பிற்காக நான் மிகவும் வருந்துகிறேன்" என்று எழுதித் தரும். கூடப் படித்தவனிடம் அப்படிப் பேசினால், "என்னடா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்பான்.

போன வருடம் எங்கள் பள்ளி நண்பன் ஒருவனின் அப்பா காலமானார். குழுவில் நீளநீளமாக இரங்கல்கள் வந்தன. பின்னால் ஒருநாள் அவன் சொன்னது: "எல்லாமே நல்லாத்தான் இருந்துச்சுடா. ஆனா எது யாரு போட்டதுன்னே ஞாபகம் இல்ல. ஒருத்தன் மட்டும், 'டேய், உங்கப்பா நம்ம ரெண்டு பேரையும் சைக்கிள்ல வச்சு மிதிச்சுக்கிட்டே போனாரே, மேட்டுல கூட எறங்கச் சொல்ல மாட்டாரு'ன்னு எழுதியிருந்தான். அதைத்தான் அம்மாக்குப் படிச்சுக் காட்டினேன்." அந்த வரியில் எழுத்துப்பிழை கூட இருந்தது. எந்த மாதிரியாலும் அதைக் கணிக்க முடியாது. ஏனென்றால் அந்தச் சைக்கிள் இணையத்தில் இல்லை.

தொடவே கூடாதா?

அப்படிச் சொல்ல மாட்டேன். என் டீமில் தமிழ்வழியில் படித்து வந்த தம்பி ஒருவர் இருக்கிறார். கோடில் கெட்டி, ஆங்கில ஈமெயில் என்றால் கை நடுங்கும். இப்போது தான் நினைப்பதைத் தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதி, இயந்திரத்திடம் கொடுத்துச் சீர்செய்து அனுப்புகிறார். அவர் யோசனைகளை இப்போது கிளையன்ட் காது கொடுத்துக் கேட்கிறார். இது உறவைக் குறைக்கவில்லை, இருந்த தடையைத்தான் எடுத்திருக்கிறது. யோசனை அவருடையது, மொழிக்கு மட்டும் கைத்தாங்கல்.

நான் கடைப்பிடிக்கும் சில வழிகளைச் சொல்கிறேன். உங்களுக்கும் உதவலாம்.

முதலில், இந்தக் கடிதத்தில் எந்தச் சுமை அதிகம் என்று பார்க்கிறேன். செய்தி அதிகம் என்றால் இயந்திரத்திடம் தாராளமாகக் கொடுக்கலாம். சாட்சி அதிகம் என்றால் முதல் வரைவு என் கையால்தான்.

இரண்டாவது, ப்ராம்ப்ட் சோதனை. நான் இயந்திரத்திடம் என்ன கேட்டேன் என்பதைப் பெறுபவர் பார்த்தால் எனக்குக் கூசுமா? "இந்த ஆங்கிலத்தைச் சரிசெய்" என்பதை யார் பார்த்தாலும் கவலையில்லை. "மனைவியிடம் மன்னிப்புக் கேட்டு உருக்கமாக எழுது" என்பதை அந்த மனைவி பார்த்தால்?

மூன்றாவதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். சில சமயம் ப்ராம்ப்ட்டையே அனுப்பிவிடலாம். "நண்பனின் அப்பா தவறிவிட்டார், என்ன சொல்வதென்றே தெரியவில்லை, சின்ன வயதில் எங்களுக்கு ஐஸ் வாங்கித் தருவார், எனக்கே அழுகை வருகிறது, ஒரு நல்ல இரங்கல் எழுதிக் கொடு" என்று ஒருவர் தட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கடைசி ஐந்து சொற்களை அழித்துவிட்டுப் பாருங்கள். அதுதான் கடிதம். இயந்திரம் அதை வாங்கி, திக்கலை எடுத்து, ஐஸை எடுத்து, அழுகையை "ஆழ்ந்த வருத்தம்" ஆக்கி, திருப்பிக் கொடுக்கிறது.

நான்காவது, எழுதவே வரவில்லை என்றால் போன் செய்வது. "நல்லதுக்குப் போகாட்டியும் கெட்டதுக்குப் போகணும்" என்பார்கள் எங்கள் ஊர்ப் பெரியவர்கள். அப்படிப் போனவர்கள் அங்கே அழகாக எதுவும் பேசியதில்லை. பந்தலுக்குக் கீழே, பிளாஸ்டிக் நாற்காலியில், கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அதில் குறை கண்டதில்லை.