நூறு நாட் கணக்கு

தயிர் விற்பவள் தன் தயிரைப் புளிப்பென்று கூறுவதில்லை. அதனை எவரும் பெருங்குற்றமாகக் கொள்வதுமில்லை. வாங்குபவர் ஒரு துளியை நாவிலிட்டு உண்மையைத் தாமே அறிந்துகொள்ளலாம். பெரிய நிறுவனங்களுக்கென விற்கப்படும் கணினி வலையமைப்புகளும் செய்தித் தொடர்புக் கருவிகளும் அத்தகையன அல்ல. நாளை எவ்வளவு தேவைப்படும் என்ற மதிப்பீட்டை நம்பியே வாங்குவோர் இன்று பணங் கொடுக்கின்றனர். அம்மதிப்பீட்டைக் கூறுபவரோ பெரும்பாலும் விற்பவராகவே இருக்கின்றார். இந்நிலையில் விளம்பரத்தினின்றும் மெய்யைப் பிரித்தறிவது எங்ஙனம்? ஐக்கிய அமெரிக்காவில் 1990களின் பிற்பகுதியில் நிகழ்ந்த ஒரு வரலாறு இதற்கு நல்ல பாடமாகும்.

அக்காலத்தில் இணையம் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் விரைந்து பரவிக்கொண்டிருந்தது. இணையத்தின் பெருவழிகளை நடத்தி வந்த கம்பனிகளுள் யூயூநெற் ஒன்று. அது 1996ஆம் ஆண்டின் இறுதியில் வேர்ள்ட்கொம் என்னும் பெரிய தொலைபேசிக் கம்பனியின் உடைமையாயிற்று. "இணையப் போக்குவரத்து நூறு நாட்களுக்கு ஒருமுறை இருமடங்காகின்றது" என்ற கூற்று அக்கம்பனியாரிடமிருந்து பரவியது. பத்திரிகைகள் அதனை எடுத்தெழுதின. முதலீட்டாளர் மேற்கோள் காட்டினர். 1998 ஏப்ரலில் அமெரிக்க வர்த்தகத் திணைக்களம் வெளியிட்ட அறிக்கையிலும் அது இடம்பெற்றது. அரசாங்கத்தின் அறிக்கையிலேயே இடம்பெற்றுவிட்டபின் அதனை ஐயுறுவார் யார்?

இங்கே மாணவர்கள் தாமே ஒரு கணக்கைச் செய்து பார்க்கலாம். நூறு நாட்களுக்கு ஒருமுறை இருமடங்காகும் ஒரு பொருள், ஓராண்டில் பன்னிரண்டு மடங்குக்கு மேலாகும். மூன்றாண்டுகளில் ஏறத்தாழ 2,000 மடங்காகும். ஆண்டுக்கொருமுறை மட்டும் இருமடங்காகும் பொருளோ மூன்றாண்டுகளில் 8 மடங்கே ஆகும். இரண்டும் விரைவான வளர்ச்சிதான். ஆயினும் எட்டு மடங்குக்கென வீதி அமைப்பவரும் இரண்டாயிரம் மடங்குக்கென வீதி அமைப்பவரும் ஒரே கணக்கில் கடன் வாங்க மாட்டார்கள்.

உண்மை யாது? ஏ.டி. அன்ட் டி. கம்பனியின் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கொவ்மன், ஒட்லிஸ்கோ என்னும் ஆய்வாளர் இருவர், கிடைத்த அளவைகளையெல்லாம் திரட்டி 1998இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். போக்குவரத்து ஆண்டுக்கொருமுறை ஏறத்தாழ இருமடங்காகின்றது என்பதே அவர்கள் கண்ட முடிவு. எனினும் நூறு நாட் கணக்கு முற்றிலும் கற்பனையன்று. 1995, 1996ஆம் ஆண்டுகளில் அத்தகைய வேகம் சிறிது காலம் இருந்ததென்பதையும் அவர்களே எடுத்துக் காட்டினர். பிறந்தபோது 3 கிலோ நிறையுடைய குழந்தை முதலாண்டு நிறைவில் 9 கிலோவாதல் இயல்பு. அதே வேகம் நீடிக்குமென்று கணக்கிட்டால் ஐந்தாம் பிறந்தநாளன்று அக்குழந்தை 729 கிலோ இருத்தல் வேண்டும்! சிறிது காலத்து உண்மையை எக்காலத்துக்கும் உரியதாக்கியதே அங்கு நேர்ந்த பிழை.

ஆய்வாளரின் குரல் சந்தையின் ஆரவாரத்தில் எடுபடவில்லை. தொலைத்தொடர்புக் கம்பனிகள் பெருங்கடன் பெற்று, கண்டங்களுக்கிடையேயும் நகரங்களுக்கிடையேயும் ஒளியிழைகளைப் புதைத்தன. அதே வேளையில், ஓர் இழையினூடே பல நிற ஒளிக்கதிர்களை ஒருங்கே செலுத்தும் நுட்பமும் வளர்ந்தது. அதனால், புதைத்த இழைகளின் கொள்திறன் இன்னும் பன்மடங்காகியது. ஓடுவதற்குச் செய்தி போதவில்லை. இழைகளிற் பெரும்பகுதி ஒளியேற்றப்படாமல் இருளிலேயே கிடந்தது.

கருவி விற்ற கம்பனிகளின் நிலையும் கவனிக்கத்தக்கது. வலையமைப்புக் கருவிகளைச் செய்யும் சிஸ்கோவின் பங்குகளின் மொத்தப் பெறுமதி 2000 மார்ச்சில் 50,000 கோடி டொலரைத் தாண்டியது. உலகிலேயே மிகப் பெறுமதி வாய்ந்த கம்பனி என்னும் இடத்தையும் அது சில நாட்கள் வகித்தது. லூசென்ற் என்னும் மற்றொரு கம்பனி, தன் கருவிகளை வாங்குவதற்காக வின்ஸ்ரார் என்னும் வாடிக்கைக் கம்பனிக்கு 200 கோடி டொலர் வரை கடன் தர உடன்பட்டது. கடையில் கூட்டத்தைக் கண்டோர், கூட்டத்தின் கையிலிருந்த காசு கடைக்காரருடையது என்பதைக் காணவில்லை. 2001 ஏப்ரலில் வின்ஸ்ரார் முறிந்தது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. அதே ஆண்டில் சிஸ்கோ, விற்க முடியாது தேங்கிய ஏறத்தாழ 220 கோடி டொலர் பெறுமதியான சரக்கை நட்டமாக எழுதித் தள்ளியது. ஏறத்தாழ 8,500 பேருக்கு வேலை போயிற்று. 2002இல் அதன் பங்கு விலை உச்சத்தின் பத்திலொரு பங்களவுக்கு வீழ்ந்தது. வேர்ள்ட்கொம் கம்பனியோ, செலவுகளை முதலீடுகளென்று ஏட்டில் எழுதி இலாபம் காட்டி வந்தமை வெளிப்பட்டு, 2002 யூலையில் முறிந்தது. பொய்க் கணக்கின் தொகை ஏறத்தாழ 1,100 கோடி டொலர் எனக் கண்டறியப்பட்டது. அதன் தலைவர் பேர்னாட் எபர்ஸுக்கு 2005இல் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. முதுமைக்கென்று சேமித்த பணத்தை அக்கம்பனியின் பங்குகளிலேயே வைத்திருந்த ஊழியர் பலர், வேலையையும் சேமிப்பையும் ஒருங்கே இழந்தனர். நூறு நாட் கணக்கின் உண்மையான விலையைக் கொடுத்தவர்கள் இவர்களே.

இதனால் இணையமே மாயை என்று முடிவு செய்தலும் தவறாகும். இருளிற் கிடந்த இழைகளிற் பல, பின்னர் மலிந்த விலைக்குக் கைமாறிப் பயன்பட்டன. சிஸ்கோ இன்றும் இயங்குகின்றது. ஆனால் 2000ஆம் ஆண்டின் பங்கு விலையை மீண்டும் எட்டுவதற்கு அதற்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாயிற்று. பொருள் மெய், அதன் அளவும் காலமுமே பொய்யாகச் சொல்லப்பட்டன.

இன்று செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் அதற்கான தரவு நிலையங்களைப் பற்றியும் பெருந்தொகைகள் பேசப்படுகின்றன. கருவி விற்போர் தம் வாடிக்கையாளரிடத்திலேயே முதலிடும் வழக்கமும் மீண்டுங் காணப்படுகின்றது. அதன் முடிவு இன்னதென்று இப்போதே கூறுவது சோதிடமாகும். ஆயினும் சில வினாக்களை எவரும் எழுப்பலாம். இந்த எண்ணை அளந்தவர் யார்? எந்தக் காலத்துக்கு அளந்தார்? அது மெய்யென நம்பப்படுவதால் இலாபமடைவோர் யார்? வாங்குவோர் கொடுப்பது யாருடைய பணம்? இவற்றைக் கேட்பதற்குப் பொறியியற் பட்டம் வேண்டியதில்லை. இருமடங்குக் கணக்கைத் தாளில் எழுதிப் பார்க்கும் பொறுமையும், பலர் கூறிவிட்டதனால் மட்டும் ஒன்று உண்மையாகிவிடாது என்ற தெளிவும் இருப்பின் போதும். வேலைக்கான படிப்பையோ சேமிப்புக்கான இடத்தையோ தேர்ந்தெடுக்கும் குடும்பங்களுக்கு இவ்விரண்டும் மிகவும் வேண்டியவை.